உர மூட்டையில் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும்

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் போர்ட்டிக்சன் மாவட்டத்தில், சிலாங்கூர் எல்லையிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத புக்கிட் பெலண்டோக்கை உலக மருத்துவ நூல்கள் 1998, 1999ஆம் ஆண்டுகளின் நிப்பா வைரஸ் நோயோடு சேர்த்தே குறிப்பிடுகின்றன. அவ்வட்டாரத் தமிழர்களுக்கோ அது முதலில் பால்மரங்களின் ஊர், பிறகு செம்பனையின் ஊர். பால்மரம் நின்ற நிலத்தில் செம்பனை வந்தபோது தோட்ட வேலையின் தன்மை மாறியது. விடியற்காலைப் பிரட்டும் நிரைக் கணக்கும் தொடர்ந்தாலும், செம்பனை உரத்தைப் பெருமளவு கேட்கும் பயிராதலால், மூட்டை சுமப்பதும் மரத்தைச் சுற்றி உரம் வீசுவதும் அன்றாட உழைப்பின் பெரும்பகுதியாயின. தனிமங்களின் அணுநிறைகளை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டிய தேவை பள்ளிச் சுவரில் தொங்கும் தனிம அட்டவணையில் மட்டும் எழுவதன்று; தோட்டத்துக் கிடங்கில் அடுக்கியிருக்கும் அந்த மூட்டைகளின் முகப்பிலேயே அது எழுகிறது.

தோட்டங்களில் எம்ஓபி எனச் சுருக்கி வழங்கப்படும் பொட்டாஷ் உரத்தின் 50 கிலோ மூட்டையை எடுத்துக்கொண்டால், அதன் மேல் 60 விழுக்காடு பொட்டாசியம் ஆக்சைடு என்று அச்சிடப்பட்டிருக்கும். மூட்டைக்குள் பொட்டாசியம் ஆக்சைடு ஒரு துகள்கூடக் கிடையாது. அது நீரோடு மூர்க்கமாக வினைபுரிந்து கடுங்காரமாக மாறும் பொருளாதலால் அதைச் சாக்கில் கட்டித் தோட்டத்துக்கு அனுப்பவே முடியாது. உள்ளே இருப்பது பொட்டாசியம் குளோரைடு, அதாவது சமையல் உப்பின் நெருங்கிய உறவான இன்னோர் உப்பு. எழுதியிருக்கும் எண்ணுக்கும் உள்ளே இருக்கும் பொருளுக்கும் இடையிலான ஒரே பாலம் அணுநிறைதான். அந்தப் பாலத்தைக் கடக்கத் தெரியாதவருக்கு 60 என்பது ஒரு பொருளும் தராத எண்ணாகவே நின்றுவிடும்.

அணுநிறை என்பது ஒரு தனிமத்தின் அணு, கார்பன்-12 அணு ஒன்றின் பன்னிரண்டில் ஒரு பங்கைக் காட்டிலும் எத்தனை மடங்கு கனமானது என்பதைச் சொல்லும் எண். 1961ஆம் ஆண்டு முதல் வேதியியலாரும் இயற்பியலாரும் இந்த ஒரே அளவுகோலை ஏற்றுக்கொண்டுள்ளனர். இந்த அளவின்படி ஹைட்ரஜன் 1.008, கார்பன் 12.011, நைட்ரஜன் 14.007, ஆக்சிஜன் 15.999, மக்னீசியம் 24.305, பாஸ்பரஸ் 30.974, கந்தகம் 32.06, குளோரின் 35.45, பொட்டாசியம் 39.098. அணுவைத் தனியாக எடுத்துத் தராசில் வைக்க இயலாதாகையால், அணுநிறை எவ்வளவோ அவ்வளவு கிராம் எடுத்துக்கொண்டால் எத்தனிமமானாலும் ஒரே எண்ணிக்கையில் அணுக்கள் கிடைக்கும் என்ற உண்மையைப் பயன்படுத்துகிறார்கள். அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 602 கோடி கோடி கோடி. அதற்கு ஒரு மோல் என்று பெயர். 14 கிராம் நைட்ரஜனிலும் 39 கிராம் பொட்டாசியத்திலும் உள்ள அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே. ஒரு கிலோ கொட்டைப்பாக்கும் ஒரு கிலோ தேங்காயும் தராசில் சமமாக நின்றாலும் எண்ணிக்கையில் ஒன்றுக்கொன்று ஒப்பாகாதது போல, ஒரு கிலோ நைட்ரஜனும் ஒரு கிலோ பொட்டாசியமும் எடையில் மட்டுமே சமம்.

செம்பனையின் உணவுத் தேவை பற்றிய கணக்குகளில் இந்த வேறுபாடு முழு உருவோடு வெளிப்படுகிறது. இங், தம்பூ ஆகிய இருவர் மலேசியச் செம்பனையை ஆராய்ந்து 1967இல் வெளியிட்டு, இன்றுவரை பாடநூல்களில் எடுத்தாளப்படும் மதிப்பீட்டின்படி, தோட்டத்திலிருந்து வெட்டி ஆலைக்கு அனுப்பப்படும் ஒவ்வொரு டன் பழக்குலையோடும் ஏறத்தாழ 2.9 கிலோ நைட்ரஜன், 0.46 கிலோ பாஸ்பரஸ், 3.7 கிலோ பொட்டாசியம், 0.8 கிலோ மக்னீசியம் ஆகியவை நிலத்தை விட்டு நீங்குகின்றன. எடையை மட்டும் பார்த்தால் பொட்டாசியமே முதலிடத்தில் நிற்கிறது. செம்பனை பொட்டாஷ் தின்னும் பயிர் என்ற பேச்சுக்கு இதுவே அடிப்படை. ஆனால் ஒவ்வோர் எடையையும் அதற்குரிய அணுநிறையால் வகுத்துப் பார்த்தால் முதலிரண்டு இடங்கள் மாறிவிடுகின்றன: நைட்ரஜன் ஏறத்தாழ 207 மோல், பொட்டாசியம் 95, மக்னீசியம் 33, பாஸ்பரஸ் 15. ஒரு பொட்டாசிய அணு வெளியேறும்போது இரண்டுக்கும் மேற்பட்ட நைட்ரஜன் அணுக்கள் வெளியேறுகின்றன. ஒரு பாஸ்பரஸ் அணுவுக்கு நைட்ரஜன் அணுக்கள் பதினான்கு. பொட்டாசியம் எடையில் முந்துவதற்குக் காரணம் மரம் அதை மிகுதியாக விரும்புவது மட்டுமன்று, அதன் ஒவ்வோர் அணுவும் நைட்ரஜன் அணுவைப் போல் 2.8 மடங்கு கனமாக இருப்பதும்தான். மரத்தின் உயிரணுக்கள் உணவைக் கிலோவால் அளப்பதில்லை. புரதம் கட்டும் இடத்தில் ஒரு நைட்ரஜன் அணு வேண்டுமென்றால் ஒன்றுதான் வேண்டும், இலைத்துளையைத் திறந்து மூட ஒரு பொட்டாசிய அயனி வேண்டுமென்றால் ஒன்றுதான் வேண்டும். கிலோ என்பது சுமப்பவருக்கும் விலை கொடுப்பவருக்கும் உரிய அளவு.

நைட்ரஜன் உரங்களுக்குள்ளும் இதே கணக்கு வேறொரு வகையில் செயல்படுகிறது. யூரியாவின் ஒரு மூலக்கூற்றில் ஒரு கார்பன், ஓர் ஆக்சிஜன், இரண்டு நைட்ரஜன், நான்கு ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன. அவற்றின் நிறைகளைக் கூட்டினால் 60.06 வரும், அதில் நைட்ரஜனின் பங்கு 28.01. எனவே யூரியாவில் நைட்ரஜன் 46.6 விழுக்காடு, சந்தையில் 46 என்று அச்சிடுவது இதனால்தான். அம்மோனியம் சல்பேட்டிலும் நைட்ரஜன் அணுக்கள் இரண்டே, ஆனால் அவற்றோடு ஒரு கந்தக அணுவும் நான்கு ஆக்சிஜன் அணுக்களும் தொற்றிக்கொண்டு வருவதால் மூலக்கூற்று நிறை 132.1 ஆகி, நைட்ரஜனின் பங்கு 21 விழுக்காடாகச் சரிகிறது. அம்மோனியம் குளோரைடு இரண்டுக்கும் இடையில் 26 விழுக்காட்டில் நிற்கிறது. ஒரே அளவு நைட்ரஜனை வயலுக்குக் கொண்டுசேர்க்க, யூரியா ஒரு மூட்டை என்றால் அம்மோனியம் சல்பேட் இரண்டு மூட்டைக்கும் மேல் வேண்டும். லாரி வாடகையும் முதுகுச் சுமையும் இந்த விகிதத்தையே பின்பற்றுகின்றன. அலுவலக ஏட்டில் அவை வேறு வேறு கணக்குகளாகத் தெரிந்தாலும், அடியில் இருப்பது நைட்ரஜனோடு தொற்றிக்கொண்டு வரும் கந்தகம், ஆக்சிஜன் அணுக்களின் நிறைதான்.

அப்படியிருந்தும் தோட்டங்கள் யூரியாவையே எங்கும் தேர்ந்தெடுத்துவிடுவதில்லை. மண்ணின் மேற்பரப்பில் வீசப்பட்ட யூரியா, மழை வராமல் சில நாள் கிடந்தால், மண்ணிலுள்ள யூரியேஸ் என்னும் நொதியால் சிதைந்து அம்மோனியா ஆவியாகக் காற்றில் கலந்துவிடுகிறது. மூலக்கூற்று நிறை வெறும் 17 கொண்ட அந்த இலேசான வாயு கைவிட்டுப் போனால் போனதுதான். அம்மோனியம் சல்பேட் அவ்வளவு எளிதில் ஆவியாவதில்லை. அதோடு வரும் கந்தகமும் பயிருக்கு உணவே. ஆகவே மூட்டையில் உள்ள விழுக்காடு உயர்ந்திருப்பதாலேயே ஓர் உரம் மலிவானதாகிவிடாது என்பதைத் தோட்ட மேலாளர்கள் நன்கறிந்திருக்கிறார்கள். அணுநிறைக் கணக்கு வாசல்வரை கொண்டுவிடும். உள்ளே நடப்பதை மண்ணும் மழையும் தீர்மானிக்கின்றன.

பொட்டாஷ் மூட்டைக்குத் திரும்பினால், அந்த 60 என்ற எண்ணை உடைத்துப் பார்ப்பது எளிது. பொட்டாசியம் ஆக்சைடு என்ற கற்பனைப் பொருளில் இரண்டு பொட்டாசிய அணுக்களும் ஓர் ஆக்சிஜன் அணுவும் உண்டு. மொத்த நிறை 94.2, அதில் பொட்டாசியம் 78.2, அதாவது 83 விழுக்காடு. 50 கிலோ மூட்டையில் 60 விழுக்காடு ஆக்சைடு என்றால் 30 கிலோ. அதில் 83 விழுக்காடு 24.9 கிலோ. ஆக, மூட்டையின் பாதியே பொட்டாசியம். மறுபாதியின் பெரும்பகுதி குளோரின்; எஞ்சிய சிறுபகுதி சமையல் உப்பு முதலிய கலப்புகள். கனடாவிலும் ஐரோப்பாவிலும் பழங்காலக் கடல்கள் வற்றிய இடங்களில் பூமிக்கடியில் படிந்துகிடந்த உப்பு, கப்பலேறி மலேசியத் துறைமுகங்களுக்கு வந்து, லாரியேறி, கடைசியில் ஒரு தொழிலாளியின் தோளில் ஏறும்போது, அவர் சுமப்பதில் ஏறத்தாழப் பாதி, கேட்காமலேயே உடன்வந்த குளோரின்தான். இதில் ஓர் ஆறுதலும் உண்டு: தென்னைக்கும் செம்பனைக்கும் குளோரின் ஓரளவு தேவைப்படும் ஊட்டம் என்பது ஆய்வுகளில் நிறுவப்பட்டிருக்கிறது, எனவே அந்தச் சுமை முற்றிலும் வீணன்று.

ஒரு ஹெக்டருக்கு 136 மரங்கள் என்ற வழக்கமான நடவில் மரத்துக்கு ஆண்டுக்கு இரண்டரைக் கிலோ எம்ஓபி வீதம் இட்டால் 340 கிலோ உரம் வேண்டும். மூட்டைக் கணக்கில் ஏழுக்குச் சற்றுக் குறைவு. மண்ணுக்குள் சேரும் பொட்டாசியமோ ஏறத்தாழ 169 கிலோ. ஆக்சைடுக் கணக்கை அப்படியே நம்பி 204 கிலோ பொட்டாசியம் போய்ச்சேர்ந்ததாக எழுதிவைக்கும் பதிவேடு, ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மிகைப்படுத்துகிறது.

இந்த ஆக்சைடு வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் மிச்சம். அக்காலப் பகுப்பாய்வாளர்கள் பயிரையும் தாதுக்களையும் எரித்துச் சாம்பலாக்கி, அதிலிருந்த உலோகங்களையும் பாஸ்பரஸையும் ஆக்சிஜனோடு சேர்ந்த வடிவிலேயே கணக்கிட்டு எழுதினார்கள். அந்த எழுத்துமுறை வணிகத்தில் புகுந்து சட்டங்களில் ஏறி உறைந்துவிட்டது. இதைவிடக் குழப்பம் தருவது, நைட்ரஜனுக்கு மட்டும் இந்த விதி பொருந்தாமல் அது தனிமமாகவே எழுதப்படுவது. தோட்டங்களிலும் வீட்டுத் தோட்டக் கடைகளிலும் காணப்படும் 12:12:17:2 என்ற கலப்பு உரத்தை எடுத்துக்கொண்டால், முதல் 12 நைட்ரஜன். இரண்டாவது 12 பாஸ்பரஸ் பென்டாக்சைடு. 17 பொட்டாசியம் ஆக்சைடு. 2 மக்னீசியம் ஆக்சைடு. படிப்பவர் கண்ணுக்கு நைட்ரஜனும் பாஸ்பரஸும் சமம் போலத் தோன்றும். பென்டாக்சைடில் இரண்டு பாஸ்பரஸ் அணுக்களோடு ஐந்து ஆக்சிஜன் அணுக்கள் இருப்பதால் பாஸ்பரஸின் பங்கு 43.6 விழுக்காடே, எனவே 100 கிலோ உரத்தில் உண்மையில் நைட்ரஜன் 12 கிலோ, பாஸ்பரஸ் 5.2 கிலோ, பொட்டாசியம் 14.1 கிலோ, மக்னீசியம் 1.2 கிலோ. அணு எண்ணிக்கையில் பார்த்தால் வேறுபாடு இன்னும் விரிகிறது: ஒரு பாஸ்பரஸ் அணுவுக்கு ஐந்து நைட்ரஜன் அணுக்கள். சமம் என்று அச்சிடப்பட்ட இரண்டு எண்களுக்குள் ஐந்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தாழ்வு மறைந்திருப்பதைப் பரம்பரை வழக்கம் என்று சொல்லி ஒதுக்கிவிடுவது, பணம் கொடுத்து வாங்குபவருக்குச் செய்யும் நியாயமாகாது.

மக்னீசியத்துக்காகத் தோட்டங்கள் இடும் கீசரைட், டோலமைட் ஆகியவற்றுக்கும் இதே கணக்குப் பொருந்தும். தனித்துப் பார்க்க வேண்டியது போரான். அணுநிறை 10.81 கொண்ட இந்த இலேசான தனிமம் குறைந்தால் செம்பனையின் இளங்குருத்து ஓலைகளின் நுனி கொக்கிபோல் வளைந்து சுருங்கிவிடும். மரத்துக்கு வேண்டியது மிகச் சொற்பம். ஆனால் போரானைச் சுமந்துவரும் போராக்ஸ் உப்பில் நான்கு போரான் அணுக்களைச் சுற்றிச் சோடியமும் ஆக்சிஜனும் பத்து நீர் மூலக்கூறுகளும் ஒட்டியிருப்பதால் மொத்த நிறை 381 ஆகிறது, போரானின் பங்கு 11 விழுக்காட்டளவே. நூறு கிராம் போராக்ஸ் இட்டால் மரத்துக்குக் கிடைப்பது 11 கிராம். எஞ்சிய 89 கிராமில் பாதியளவு வெறும் தண்ணீர். நீர் குறைந்த வகைப் போரேட்டுகளைத் தோட்டங்கள் விரும்புவதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

செம்பனைக்கு முந்தைய காலத்துப் பால் ஸ்டோரிலும் அணுநிறை தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. மரத்திலிருந்து மங்கில் வடிந்து, வாளியில் சேர்ந்து, ஸ்டோருக்கு வரும் பாலில் ரப்பர்த் துகள்கள் எதிர்மின்னேற்றம் பெற்று ஒன்றையொன்று விலக்கியபடி மிதக்கின்றன. அமிலம் சேர்த்தால் அந்த மின்னேற்றம் தணிந்து துகள்கள் ஒன்றுசேர்ந்து கட்டியாகின்றன. இதற்குப் பயன்பட்டவை ஃபார்மிக் அமிலமும் அசெட்டிக் அமிலமும். ஃபார்மிக் அமில மூலக்கூற்றில் ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன்: நிறை 46. அசெட்டிக் அமிலத்தில் கூடுதலாக ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும்: நிறை 60. இரண்டுமே மூலக்கூற்றுக்கு ஒரு ஹைட்ரஜன் அயனியைத்தான் விட்டுக்கொடுக்கும். ஆகவே 46 கிராம் ஃபார்மிக் செய்யும் வேலைக்கு 60 கிராம் அசெட்டிக் வேண்டும். ஃபார்மிக் அமிலம் வீரியத்திலும் கூடியதாதலால் நடைமுறையில் அதன் அனுகூலம் இதைவிட அதிகம்.

உறைந்த ரப்பரின் உள்ளமைப்பை எண்ணால் முதலில் சொன்னவர் மைக்கேல் ஃபாரடே. மின்னியலில் புகழ்பெற்ற அவரே 1826இல் ரப்பரைப் பகுத்து, ஐந்து கார்பனுக்கு எட்டு ஹைட்ரஜன் என்ற விகிதத்தைக் கண்டறிந்தார். எண்ணிக்கையில் ஹைட்ரஜன் பெரும்பான்மை. எடையிலோ கார்பன் 88 விழுக்காடு, ஹைட்ரஜன் 12. சார்லஸ் குட்இயர் 1839இல் கந்தகத்தோடு சூடாக்கி ரப்பரை உறுதியாக்கும் வழியைக் கண்டார். பொதுவாக 100 கிராம் ரப்பருக்கு இரண்டரைக் கிராம் கந்தகம் என்று வைத்தால், ரப்பரின் ஐசோபிரீன் என்னும் அடிப்படை அலகின் நிறை 68, கந்தகத்தின் நிறை 32 என்பவற்றைக் கொண்டு கணக்கிடுகையில், ஏறத்தாழப் பத்தொன்பது அலகுகளுக்கு ஒரு கந்தக அணு என்று வருகிறது. அவ்வளவு குறைந்த எண்ணிக்கையே, வெயிலில் பிசுபிசுக்கும் பொருளை வண்டிச் சக்கரத்துக்கு ஏற்ற பொருளாக மாற்றப் போதுமானது.

இத்தனை கணக்குகளுக்கும் அடித்தளமான அணுநிறைகள் எளிதில் கிடைத்துவிடவில்லை. ஜான் டால்டன் 1808இல் தம் நூலை வெளியிட்டபோது ஹைட்ரஜனை 1 எனக் கொண்டு பிற தனிமங்களை ஒப்பிட்டார். தண்ணீரைப் பகுத்தால் ஒரு கிராம் ஹைட்ரஜனுக்கு எட்டுக் கிராம் ஆக்சிஜன் கிடைக்கும் என்பது தராசு சொல்லும் செய்தி. ஆனால் அந்த எட்டுக் கிராம் எத்தனை அணுக்களுக்கு உரியது என்பதைத் தராசு சொல்லாது. தண்ணீரில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ஒன்றுக்கு ஒன்று என்று டால்டன் கருதினார். அப்படியானால் ஆக்சிஜன் 8, அவருடைய அன்றைய அளவீட்டுப் பிழையோடு சேர்ந்து 7. இரண்டு ஹைட்ரஜனுக்கு ஓர் ஆக்சிஜன் என்றால் 16. இந்தச் சிக்கல் அரை நூற்றாண்டு நீடித்து, ஒரே சேர்மத்துக்கு வெவ்வேறு வேதியியலார் வெவ்வேறு வாய்பாடு எழுதும் நிலையை உண்டாக்கியது. இத்தாலியரான ஸ்டனிஸ்லாவ் கன்னிசாரோ, வாயுக்களின் பருமனைக் கொண்டு அணுநிறைகளைத் தெளிவாக நிறுவும் வழியை 1858இல் எழுதி, 1860இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் கூடிய வேதியியலார் மாநாட்டில் பரப்பிய பிறகே குழப்பம் தீர்ந்தது. அம்மாநாட்டில் கலந்துகொண்ட மெண்டலீவ் ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் தனிமங்களை அணுநிறை வரிசையில் அடுக்கினார்.

அந்த வரிசையில் ஒரு முள் இருந்தது, அது தோட்டத்துப் பொட்டாஷ் மூட்டையோடு நேரடியாகத் தொடர்புடையது. 1894இல் ராலே பிரபுவும் வில்லியம் ராம்சேயும் காற்றில் ஆர்கான் என்ற வாயுவைக் கண்டுபிடித்தார்கள்; காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன், அம்மோனியாவிலிருந்து எடுத்த நைட்ரஜனைவிட லிட்டருக்கு ஏறத்தாழ 0.007 கிராம் கனமாக இருந்ததே அதற்கு வழிகாட்டியது. ஆர்கானின் அணுநிறை 39.95. அதன் குணங்களைப் பார்த்தால் பொட்டாசியத்துக்கு முன்னால் வைத்தாக வேண்டும். ஆனால் பொட்டாசியத்தின் அணுநிறை 39.10, அதாவது குறைவு. கனமானது முன்னாலும் இலேசானது பின்னாலும் நிற்கும் இந்த முறைகேட்டுக்கு விடை 1913இல் ஹென்றி மோஸ்லியிடமிருந்து வந்தது: வரிசையைத் தீர்மானிப்பது நிறையன்று, அணுக்கருவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை. ஆர்கானுக்கு 18, பொட்டாசியத்துக்கு 19.

நிறை மட்டும் ஏன் முரண்பட்டது என்பதற்கு ஐசோடோப்புகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே புரோட்டான் எண்ணிக்கையும் வெவ்வேறு நியூட்ரான் எண்ணிக்கையும் கொண்ட அணுக்கள் ஐசோடோப்புகள் எனப்படுகின்றன. குளோரினில் நான்கில் மூன்று பங்கு 35 நிறை கொண்டவை, ஒரு பங்கு 37, சராசரி 35.45. எல்லா அணுக்களும் ஹைட்ரஜனின் முழு மடங்குகளே என்று 1815இல் வில்லியம் பிரவுட் முன்வைத்த கருத்தை அந்தப் புள்ளிக்குப் பிந்தைய 45 நெடுங்காலம் தடுத்து நிறுத்தியிருந்தது. 1919இல் ஃபிரான்சிஸ் ஆஸ்டன் தம் நிறைமாலைக் கருவியால் அணுக்களை நிறைவாரியாகப் பிரித்துக் காட்டியபோதுதான் பிரவுட் முற்றிலும் தவறானவர் அல்லர் என்பது தெரிந்தது. பொட்டாசியத்தில் 93 விழுக்காட்டுக்கு மேல் 39 நிறை கொண்டவை. 41 நிறை கொண்டவை ஏழு விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. பத்தாயிரத்தில் ஒன்றளவு 40 நிறை கொண்டவை. கடைசியாகச் சொன்ன பொட்டாசியம்-40 கதிரியக்கம் உடையது. 125 கோடி ஆண்டுகளில் அதில் பாதி சிதைகிறது. சிதைவதில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஆர்கான்-40 ஆகிறது. பூமியின் பாறைகளில் இருந்த பொட்டாசியம் காலங்காலமாகச் சிதைந்து வெளியேற்றிய ஆர்கான்தான் இன்று காற்றின் ஒரு விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவான பங்காக நிற்கிறது. காற்றிலுள்ள ஆர்கான் ஏறத்தாழ முழுவதும் 40 நிறை கொண்டதாக இருப்பதும், அது பொட்டாசியத்தின் சராசரியைத் தாண்டிப்போனதும் இதனால்தான்.

இதன் பொருள், கிடங்கில் இருக்கும் ஒவ்வொரு பொட்டாஷ் மூட்டையும் சிறிதளவு கதிரியக்கம் உடையது என்பதே. ஒரு கிராம் பொட்டாசியத்தில் நொடிக்கு ஏறத்தாழ 31 அணுக்கள் சிதைகின்றன. 25 கிலோவில் ஏழு லட்சத்துக்கும் மேல். எண்ணைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை: வாழைப்பழத்திலும் மனித உடலிலும் இருப்பது இதே பொட்டாசியம், வளர்ந்த ஒருவரின் உடலில் நொடிக்கு நாலாயிரத்துக்கு மேற்பட்ட பொட்டாசிய அணுக்கள் சிதைந்துகொண்டே இருக்கின்றன.

அணுநிறை எல்லா இடத்திலும் மாறாத எண் என்ற நம்பிக்கையை உடைத்ததில் தமிழர்க்கு அருகிலுள்ள ஒரு மண்ணுக்கும் பங்குண்டு. சேர் முத்து குமாரசுவாமியின் மகனும், பின்னாளில் இந்தியக் கலை ஆய்வாளராகப் புகழ்பெற்றவருமான ஆனந்த குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிமவள ஆய்வுத் துறைக்குத் தலைமை வகித்தார். அங்கு கிடைத்த கனமான கருங்கனிமம் ஒன்றை 1904இல் அவர் யுரேனினைட் என்று விவரித்தார். அது தோரியம் மிகுந்த புதிய கனிமம் என்று இலண்டனில் டன்ஸ்டன் கண்டறிந்து தோரியனைட் என்று பெயரிட்டார். கலையின் பக்கம் போய்விட்ட குமாரசுவாமியை வேதியியல் பாடநூல்கள் மறந்துவிட்டாலும் கனிம நூல்கள் மறக்கவில்லை. பத்தாண்டுகள் கழித்து, இலங்கையிலேயே கிடைக்கும் தோரைட் என்ற வேறொரு தோரியக் கனிமத்திலிருந்து ஈயத்தைப் பிரித்தெடுத்த ஃபிரடெரிக் சாடி, அதன் அணுநிறை சாதாரண ஈயத்தின் 207.2ஐவிட உயர்ந்திருப்பதை 1914இல் அறிவித்தார். பின்னர் ஹோனிக்ஷ்மிட் அதே வகை ஈயத்தைத் துல்லியமாக அளந்து 207.77 என்றார். அதே 1914இல் அமெரிக்காவில் தியடோர் ரிச்சர்ட்ஸ், யுரேனியக் கனிமங்களில் கிடைத்த ஈயம் சாதாரண ஈயத்தைவிட இலேசானது என்று காட்டினார். யுரேனியம் சிதைந்து முடிவது 206 நிறை கொண்ட ஈயத்தில். தோரியம் சிதைந்து முடிவது 208 நிறை கொண்ட ஈயத்தில். எங்கே தோண்டினார்கள் என்பதைப் பொறுத்து ஈயத்தின் அணுநிறை மாறும் என்பது, ஐசோடோப் என்ற கருத்தை முன்வைத்த சாடிக்கு மிக வலுவான சான்றாக அமைந்தது.

இன்று பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் போரான், கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், கந்தகம், குளோரின், ஈயம் உள்ளிட்ட சில தனிமங்களுக்கு ஒற்றை எண்ணுக்குப் பதிலாக ஓர் இடைவெளியையே அணுநிறையாகத் தருகிறது, போரானுக்கு 10.806 முதல் 10.821 வரை, ஈயத்துக்கு 206.14 முதல் 207.94 வரை. உரக் கணக்கில் இந்த மூன்றாவது தசமப் புள்ளிக்கு எந்த வேலையும் இல்லை. மூட்டையின் ஈரப்பதம் அதைவிடப் பெரிய பிழையை உண்டாக்கிவிடும்.

ஆனால் ஆக்சைடுக்கும் தனிமத்துக்கும் இடையிலான வேறுபாடு தசமப் புள்ளி விவகாரமன்று. பாஸ்பரஸில் அது இரண்டு மடங்குக்கு மேல். ஆஸ்திரேலியாவில் உர மூட்டைகள் தனிமக் கணக்கிலேயே அச்சிடப்படுகின்றன, அதனால் அங்கு வேளாண்மை நின்றுபோய்விடவில்லை. மலேசிய மூட்டைகளிலும் ஆக்சைடு எண்ணுக்குப் பக்கத்தில் தனிம எண்ணையும் அச்சிடுவதற்குப் பெரிய செலவு ஏதும் ஆகாது, செய்வதுதான் முறை. படிவம் நான்கில் சார்பு அணுநிறையை மனப்பாடம் செய்யும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு, பாடநூலிலுள்ள பயிற்சிக் கணக்கைவிட வீட்டுக்கு அருகே கிடக்கும் காலிச் சாக்கின் முகப்பு நல்ல வினாத்தாளாக அமையும். அந்த மாற்றம் வரும்வரை, செம்பனைக் காடோ வீட்டுக் கொல்லையோ வைத்திருக்கும் வாசகர் மூன்று எண்களைக் குறித்துவைத்துக்கொள்ளலாம்: மூட்டையில் உள்ள பாஸ்பரஸ் பென்டாக்சைடு எண்ணை 0.44ஆலும், பொட்டாசியம் ஆக்சைடு எண்ணை 0.83ஆலும், மக்னீசியம் ஆக்சைடு எண்ணை 0.60ஆலும் பெருக்கினால் வருவதே மரத்துக்குச் சேரும் உண்மையான அளவு. நைட்ரஜன் எண்ணை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்க.